கை இல்லாத மேளம், வால்வு இல்லாத கிதார்

கற்பூரத் தட்டைக் கையில் எடுக்கும் முன் பூசாரி சுவரோரம் எட்டி ஒரு சுவிட்சைப் போடுகிறார். மண்டப மூலையில் நிற்கும் இரும்புச் சட்டம் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. சிறிய மோட்டார் ஒன்று, அதிலிருந்து ஒரு பெல்ட், பெல்ட் சுழற்றும் தண்டில் சில முட்டுகள். முட்டு மேலே வரும்போது கம்பி எழும்பும். கீழே போனதும் கம்பி விழும். ஒரு கம்பி மேளத்தின் மேல், ஒரு கம்பி சேகண்டியின் மேல், இன்னொன்று மணி நாக்கில், மற்றொன்று ஜால்ராவில். தீபாராதனை முடியும்வரை அதே இடைவெளியில் அதே அடி. சட்டத்தின் நெற்றியில் உபயதாரரின் பெயரும் ஊரும் பெயிண்டில் எழுதியிருக்கும்.

இந்தக் காட்சிக்கு ஊர்ப் பெயர் தேவையில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் காணலாம், காவிரிக் கரையிலும் காணலாம். மின்சார மேளம், மோட்டார் மேளம் என்று ஊருக்கு ஒரு பெயர். தவில்காரர்கள் இதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கோயில் நிர்வாகிகள், சும்மா கிடப்பதற்கு இதாவது சத்தம் போடட்டுமே என்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் சரியாக விசாரிக்காத கேள்வி ஒன்று கிடக்கிறது. பூசையில் தெய்வத்துக்குப் போய்ச் சேருவது என்ன: எழுந்த ஓசையா, அடித்த ஆளா?

இதே வழக்கு முற்றிலும் வேறொரு உலகத்தில், ஏறக்குறைய மதச் சண்டை போன்ற சூட்டோடு, இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர்களின் உலகம் அது. எலெக்ட்ரிக் கிதாரின் கம்பி தானாக அதிகம் பேசாது. அதன் குரல் பாதி ஆம்ப்ளிஃபயரில்தான் இருக்கிறது. அந்த ஆம்ப்ளிஃபயர் பழைய வால்வு ரேடியோவின் உடன்பிறப்பு. கண்ணாடிக் குமிழுக்குள் இழை சிவந்து எரிய, நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தில் அது வேலை செய்கிறது. தாங்கும் அளவுக்கு மேல் ஒலியைத் திணித்தால் வால்வு அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல மழுக்குகிறது. கம்பியை ஓங்கி மீட்டினால் உள்ளே மின்னழுத்தம் ஒரு கணம் தொய்ந்து மறுபடி எழுகிறது. அந்தத் தொய்வு விரலுக்குத் தெரியும். வாசிப்பவர் ஆம்ப்ளிஃபயரோடு பேசுகிறார், அதுவும் பதில் சொல்கிறது என்று கிதார்காரர்கள் சொல்வது இதைத்தான்.

1998-இல் லைன் 6 நிறுவனம் சிறுநீரக வடிவத்தில் ‘பாட்’ என்றொரு சிவப்புப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு வால்வும் கிடையாது. வால்வு செய்வதைக் கணக்காக மாற்றி ஒரு சில்லு போட்டுக் காட்டியது. 2011-இல் ஜெர்மனியிலிருந்து வந்த கெம்பர் என்ற பெட்டி இன்னும் ஒரு படி போனது. ஒரு குறிப்பிட்ட ஆம்ப்ளிஃபயரின் முன் மைக்கை வைத்து, அதற்குள் வரிசையாகச் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு, அந்த ஒற்றைக் கருவியின் குணத்தையே பதிந்துகொள்கிறது. பதிந்த பிறகு மூலக் கருவியை விற்றுவிடலாம். 2013 டிசம்பரில் மெட்டாலிகா குழு அண்டார்டிகாவில், அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில் வாசித்தபோது மேடையில் முழங்கும் ஆம்ப்ளிஃபயர் எதுவும் இல்லை. கிதார் ஒலி டிஜிட்டல் பெட்டி வழியாகப் போனது. கூடியிருந்தவர்கள் ஹெட்போனில் கேட்டார்கள். பென்குவின்களின் நிம்மதிக்காக உலகின் சத்தமான குழுக்களில் ஒன்று சத்தமில்லாமல் வாசித்த நாள் அது.

வால்வுக்காரர்கள் இதை ஏற்கவில்லை. நகல் நகல்தான், அதில் உயிர் இல்லை என்பது அவர்கள் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘மூலம்’ என்று அவர்கள் காட்டும் கருவிகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறினால் சங்கடம். இங்கிலாந்து ராக் இசையின் முழக்கம் என்று கொண்டாடப்படும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர், 1962 வாக்கில் லண்டன் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷலின் கடையில் பிறந்தது. அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் அங்கே விலை அதிகம் என்பதால் அதன் சுற்றமைப்பைப் பார்த்தே செய்தார்கள். கிடைத்த உதிரிப் பாகங்கள் வேறு என்பதால் குரலும் வேறாக வந்தது. நகல் எடுக்கப்போய் ஒரு புதிய மூலம் பிறந்துவிட்டது. இன்று டிஜிட்டல் பெட்டிகள் பயபக்தியோடு நகலெடுப்பது அந்த நகலைத்தான்.

காதும் நம்பத்தக்க சாட்சி இல்லை. வயலின் உலகில் கிளாடியா ஃப்ரிட்ஸ் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் 2010-இல் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களின் பார்வையை மறைத்து, ஆறு வயலின்களை வாசிக்கக் கொடுத்தார்கள். மூன்று புதியவை. மற்ற மூன்றில் இரண்டு ஸ்ட்ராடிவேரியஸ், ஒன்று குவார்னேரி. பெரும்பாலானவர்களால் பழையது எது, புதியது எது என்று சொல்ல முடியவில்லை. அதிகம் விரும்பப்பட்டது புதிய வயலின் ஒன்று. ஆகவே ‘கேட்டால் தெரியும்’ என்ற வாதத்தை இரு தரப்பும் ஓரமாக வைத்துவிடுவது நல்லது. கேள்வி காதில் இல்லை.

நகல் என்றதும் முகம் சுளிப்பது நம் மரபின் வழக்கமே இல்லை. கல்வராயன் மலைமேல், வட்டத் தலைமையிடமாக இருக்கும் ஊரின் பெயரைப் பாருங்கள்: வெள்ளிமலை. தமிழில் வெள்ளிமலை என்றால் கயிலை. சிலப்பதிகாரத்தில் வித்தியாதரர் வாழும் வடதிசை மலையும் வெள்ளி மலையே. 2019 நவம்பரில் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மரவள்ளியும் கடுக்காயும் விளையும் ஒரு மலையூர், கயிலையின் பெயரைத் தலையில் சூடிக்கொண்டு நிற்கிறது. யாரும் இதைப் போலி என்றதில்லை. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று கதை சொல்கிறார்கள். அந்தக் காஞ்சியிலோ பல்லவ மன்னன் ராஜசிம்மன் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் கல்லில் ஒரு கயிலையைக் கட்டி, அதில் கயிலாசநாதரைக் குடியேற்றினான். கயிலைக்கு ஒரு மாதிரி காஞ்சியில், பெயர் மட்டும் இங்கே மலைமேல்.

இன்னும் கூர்மையான உதாரணம் பாலாலயம். கோயிலில் திருப்பணி தொடங்கினால் மூலவரை அப்படியே வைத்துக்கொண்டு கல்லுடைக்க முடியாது. அதனால் மூலவரிடம் இருக்கும் தெய்வக் கலையை மந்திரத்தால் ஒரு கும்பத்து நீருக்கு ஈர்க்கிறார்கள். கலாகர்ஷணம் என்று அதற்குப் பெயர். பிறகு அத்திப் பலகையில் எழுதிய உருவத்திலோ வேறொரு சிறு பிம்பத்திலோ அந்தக் கலையை ஏற்றி, தனியிடத்தில் வைத்துப் பூசை நடக்கும். திருப்பணி முடிந்து குடமுழுக்கு வரும்போது, யாகசாலைக் கும்பத்துக்கும் மூலவருக்கும் இடையே தர்ப்பைக் கயிறு கட்டி, போனதைத் திரும்பக் கொண்டுவருவார்கள். கெம்பர் பெட்டி செய்வதைக் கேட்ட ஒரு சிவாச்சாரியாருக்கு இது புதிதாகவே தோன்றாது. ஓரிடத்தின் குணத்தை எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது, நடுவில் ஒரு கயிறு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பலகையில் தெய்வம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் பலகையின் சாயல் அன்று. உரியவர்கள், உரிய நேரத்தில், விரதமிருந்து, செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் ஆதாரம். பலகை அச்சு அசலாக மூலவரைப் போல் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

தருக்கம் படித்தவர்களிடம் போனால் வழக்கு இன்னும் சிக்கலாகும். அன்னம்பட்டர் எழுதிய தருக்க சங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கினார். அந்த நூல்மரபில் ஒலி என்பது ஆகாயத்தின் குணம். அது இரு வகை: பேரிகை முதலியவற்றில் எழும் ஓசை ஒன்று, எழுத்தொலி மற்றொன்று. ஓசை எப்படிப் பிறக்கிறது என்பதற்கு அவர்கள் கொடுக்கும் உதாரணமே மேளம்தான்: பேரிகையும் கோலும் சேருவதால் பிறக்கிறது. பிறந்த ஓசை உடனே அழிகிறது. அழியுமுன் அடுத்த ஓசையைப் பெறுகிறது. நீரில் அலை அலையைத் தள்ளுவது போலத் தலைமுறை தலைமுறையாகக் காதுக்கு வந்து சேருவது கடைசிப் பேரக்குழந்தை.

இதைக் கேட்டதும் மின்சார மேளத்துக்காரர் எழுந்து நின்று கைதட்டலாம். பேரிகை இருக்கிறது, கோல் இருக்கிறது, சேர்க்கை இருக்கிறது. தருக்க நூல் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை! மோட்டார் அடித்தாலும் அது மேள ஒலிதான், ஐயமில்லை. மாறாக டிஜிட்டல் கிதார் பெட்டி இந்த நீதிமன்றத்தில் தோற்றுப்போகும். வால்வு என்ற காரணம் இல்லாமல் வால்வு ஒலி என்ற காரியம் எங்கிருந்து வரும்?

வேத விளக்க மரபினரான மீமாம்சகர் நேரெதிர். அவர்களுக்கு ஒலி பிறப்பதும் இல்லை, இறப்பதும் இல்லை. அது என்றும் உள்ளது. நாவும் காற்றும் அதை வெளிப்படுத்துகின்றன, அவ்வளவே. இருட்டறையில் உள்ள குடத்தை விளக்கு காட்டுவது போல. விளக்கு அகல் விளக்கா எல்.இ.டி.யா என்பதில் குடத்துக்கு அக்கறை இல்லை. டிஜிட்டல்காரர்களுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டார். ஆனால் மீமாம்சகர் இப்படிச் சொன்னது வேதத்தின் எழுத்தொலியைக் காப்பாற்ற. கிதாருக்கோ தவிலுக்கோ இதை நீட்டினால் அவர்கள் ஒப்புவார்களா என்பது சந்தேகமே.

தர்க்கத்தால் தீராத இந்த இடத்தில்தான் பூசலார் உள்ளே வருகிறார். திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. பெரியபுராணம் சொல்வதன்படி மனத்துக்குள்ளேயே பொருள் தேடினார், தச்சரை வரவழைத்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார், இரவும் உறங்காமல் கட்டினார், விமானம் எழுப்பினார், கிணறு வெட்டினார், மதில் வைத்தார், குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. மன்னன் கனவில் இறைவன் வந்து, நின்றவூரில் அன்பன் எடுத்த ஆலயத்துக்கு அன்று தான் போக வேண்டியிருப்பதால் உன் நாளைத் தள்ளிவை என்கிறார். மன்னன் நின்றவூர் போய்த் தேடினான். கோயில் எங்கும் இல்லை.

இந்தக் கதையை ‘மனம்தான் முக்கியம், பொருள் முக்கியமில்லை’ என்று சுருக்கிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அது அவசரம். கண்ணை மூடி ஒரு நொடியில் ஒரு கோயிலை நினைத்துவிட்டு எழுந்துபோனவர் இல்லை பூசலார். கல் இல்லாத கோயிலுக்குக் கல் கோயிலுக்கு உரிய வேலை முழுவதையும் செய்தார். ஒரு செங்கல்லையும் தவிர்க்கவில்லை. அவரிடம் இல்லாமல் போனது பொருள் மட்டும். உழைப்பும் கவனமும் முழு அளவில் இருந்தன. பழைய மொழியில் அதற்கு அன்பு என்று பெயர்.

இப்போது மண்டப மூலையில் ஓடும் மோட்டாரைத் திரும்பிப் பார்த்தால் நிலைமை தலைகீழாகத் தெரியும். அதில் பொருள் முழுதாக இருக்கிறது. உண்மையான வெண்கலம், உண்மையான மேளம், உண்மையான அடி. இல்லாதது ஆள். டிஜிட்டல் கிதார் பெட்டியில் வால்வு இல்லை, மின்மாற்றி இல்லை, பொருள் என்று ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஒலிக்கும் பின்னால் கம்பியில் ஊன்றிய ஒரு விரல் இருக்கிறது. விரல் நடுங்கினால் ஒலி நடுங்கும். விரல் சோம்பினால் ஒலி சோம்பும். இரண்டையும் ‘மிஷின்’ என்ற ஒரே சாக்குப் பையில் போட்டுக் கட்டுவதுதான் இந்த வழக்கில் நடக்கும் பெரிய குளறுபடி. ஒன்று கையில்லாத பொருள், மற்றது பொருளில்லாத கை. பூசலார் உட்கார்ந்திருப்பது இரண்டாவதன் பக்கத்தில்.

இசுலாமிய மார்க்க அறிஞர்கள் இந்த வேறுபாட்டை எப்போதோ பிடித்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் பாங்கு சொல்வதை இன்று உலகெங்கும் ஏற்கிறார்கள். பதிவுசெய்த பாங்கை ஓடவிட்டால் அது பாங்கு ஆகாது என்பதே பெரும்பாலானவர்களின் முடிவு. குரல் எத்தனை கருவிக்குள் புகுந்து வந்தாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் ஒருவர் எழுந்து நின்று அழைத்திருக்க வேண்டும். பதிவில் குரல் அதைவிடச் சுத்தமாக இருக்கலாம். அழைப்பவர் இல்லை.

எதிர்வாதமும் உண்டு, அது எளிதில் தள்ளத்தக்கதும் இல்லை. திபெத்திய பௌத்தர்களின் மணிச் சக்கரத்தை ஓடைநீர் சுழற்றுகிறது, காற்று சுழற்றுகிறது, சில இடங்களில் மின்மோட்டார் சுழற்றுகிறது. உள்ளே சுருட்டி வைத்த மந்திரம் சுழலச் சுழல நன்மை பரவும் என்பது நம்பிக்கை. யார் சுழற்றினார் என்று கணக்கில்லை. நம் கோயிலிலும் தீபாராதனை மேளத்துக்கு ஒரு நடைமுறைப் பயன் சொல்வார்கள்: அந்த நேரத்தில் வேண்டாத சொல்லோ ஓசையோ காதில் விழக்கூடாது. கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டுவதும் இதற்காகத்தான். சத்தத்தைச் சத்தத்தால் மூடுவதுதான் நோக்கம் என்றால் மோட்டார் தவில்காரரைவிட உத்தமம், அதற்குக் கைவலி கிடையாது. ஆனால் பூசையின் பதினாறு உபசாரங்களை வரிசைப்படுத்தும் நூல்களில் இசையும் கூத்தும் உபசாரமாகவே இடம்பெறுவதுண்டு. உபசாரம் என்றால் விருந்தாளிக்கு வீட்டுக்காரர் செய்வது. விருந்தாளியை உட்காரவைத்து விசிறியை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டால், காற்று வரும், உபசாரம் ஆகாது.

இதோடு நிறுத்தினால் தவில்காரர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போகலாம். விஷயம் அவ்வளவு சுத்தமாக இல்லை. கை வேண்டும் என்று சொல்வது எளிது. யாருடைய கை என்று கேட்டால் பலர் தொண்டையைச் செருமுவார்கள். பல ஊர்களில் பறையடிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்திய கட்டாய வேலையாக இருந்தது. கோயிலுக்குள் வரக்கூடாதவர் கோயிலுக்காக வெளியே நின்று அடித்தார். அந்த இழிவை உதறி, இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அப்படிக் காலியான இடத்தில் மோட்டார் வந்து நின்றது என்றால், அதைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தோலின் கதையும் அப்படித்தான். மேடையில் மிருதங்கத்தின் நாதத்தைத் தெய்வீகம் என்று வணங்கியவர்கள், மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் பதப்படுத்தி, வார் பிடித்துக் கட்டிய குடும்பங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அந்தக் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதி வெளியிட்டது 2020-இல்தான். மூலப்பொருளின் மகிமை பேசுகிறவர்கள், அந்த மூலப்பொருளைத் தொட்டவரை எங்கே நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மாற்றத்தை நாதசுரக்காரர்களும் வெறுத்தவர்கள் இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை உயர்ந்த சுருதித் திமிரியை விட்டு, நீளமும் கீழ்ச்சுருதியும் கொண்ட பாரி நாதசுரத்தை ஊன்றச் செய்தார். அதைக் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. இன்று மரபின் மூலம் என்று நாம் நினைக்கும் நாதசுரம், சென்ற நூற்றாண்டின் ஒரு திருத்தம். பக்கத்தில் மூச்சு விடாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருந்த ஒத்துக்காரரின் இடத்துக்கு மின்சாரச் சுருதிப் பெட்டி வந்தபோது பெரிய கலகம் எதுவும் நடக்கவில்லை. ஒத்துக்காரரும் ஒரு கை, ஒரு மூச்சு. அவருக்காக யாரும் கட்டுரை எழுதவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் கோயில் கல்லிலேயே நிற்கிறது. கருவறையில் லிங்கத்தின் பக்கத்தில் பூசலாரும் இருக்கிறார். மனக்கோயில் இறைவனுக்குப் போதும். ஊருக்குப் போதவில்லை. ஊர் வந்து நிற்க ஓர் இடம் வேண்டும், கேட்க ஒரு மேளம் வேண்டும், அதை அடிக்கிறவர் வீட்டில் அடுப்பெரியச் சம்பளம் வேண்டும்.

மோட்டார் மேளத்தின் மேல் உபயம் எழுதும் அன்பர்கள் அடுத்த முறை அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வேறு விதமாகச் செலவிடலாம். விழுப்புரம் அரசு இசைப் பள்ளியிலும் பழனி தேவஸ்தானத்தின் பள்ளியிலும் தவிலும் நாதசுரமும் கற்றுக்கொண்டு பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். கார்த்திகை ஒன்றிலாவது, மாதத்தில் ஒரு வெள்ளியிலாவது, எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்காமல் அவர்களில் ஒருவரை மண்டபத்துக்குள் அழைத்து உட்காரவைத்து, கூலியைக் கையில் கொடுத்து, அவர் பெயரையும் பலகையில் எழுதுங்கள்.